டிரோம்சோ – லாங்யெர்பியன் விமானப் பயணம்: தொலைவும் நேரமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வேயின் வடபகுதியில் இருக்கும் டிரோம்சோவிலிருந்து, அதற்கும் வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்குப் பறப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே திரட்டியிருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

வான்வழியாக நேர்த் தொலைவு சுமார் 960 கிலோமீட்டர். கடல் மைலில் 518. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 1 மணி 35 நிமிடத்துக்கும் 1 மணி 45 நிமிடத்துக்கும் இடையில் இருக்கும். அதில் சக்கரம் தரையை விட்டுப் பறக்கும் நேரம் ஒன்றேகால் மணிக்குச் சற்று மேல்.

இந்த ரெண்டு ஏர்போர்ட்டும் சரியா எங்க இருக்கு?

டிரோம்சோ விமான நிலையம் நகரம் அமைந்திருக்கும் அதே தீவின் மேற்குக் கரையில், லாங்னெஸ் என்ற இடத்தில் இருக்கிறது. ஆள்கூறு: வடக்கு 69.6833, கிழக்கு 18.9189 பாகை. டிக்கெட்டில் அதன் குறியீடு டி.ஓ.எஸ். வானிலை அறிக்கைகளில் இ.என்.டி.சி. என்று தேட வேண்டும்.

லாங்யெர்பியன் விமான நிலையம் ஊருக்கு வடமேற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டரில், கடலோரமாக இருக்கிறது. ஆள்கூறு: வடக்கு 78.2461, கிழக்கு 15.4656. டிக்கெட் குறியீடு எல்.ஒய்.ஆர்., வானிலைக் குறியீடு இ.என்.எஸ்.பி. நிலக்கரி எடுக்க வந்த அமெரிக்கர் ஜான் மன்றோ லாங்யெரின் பெயரில் உருவான குடியிருப்பு இது. நார்வே மொழியில் 'பியன்' என்றாலே ஊர்தான். 'லாங்யெர்பியன் ஊர்' என்று சொன்னால் அது நம் 'நடுசென்டர்' கதைதான்.

ஒரு சைட்ல 957 கி.மீ. போட்டிருக்கு, இன்னொண்ணுல 961. எது சரி?

இரண்டும் சரி. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் 957 அல்லது 958 வரும். பூமி உண்மையில் துருவப் பக்கம் சற்றே தட்டையானது. தட்டையான இடத்தில் வளைவு குறைவு என்பதால் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் அங்கே கூடும்: நிலநடுக்கோட்டருகே சுமார் 110.6 கி.மீ., இந்த வழித்தடத்தில் சுமார் 111.6 கி.மீ. அந்தத் தட்டைத்தன்மையையும் சேர்த்துக் கணக்கிடும் தளங்கள் 961 என்று காட்டும்.

பயணிக்கு இந்த 4 கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. விமான வேகத்தில் அது 20 விநாடிகூட ஆகாது. 950க்குக் கீழோ 980க்கு மேலோ ஓர் எண் கண்ணில் பட்டால் மட்டும் சந்தேகப்படுங்கள். ஒன்று ஆள்கூறு தவறாக இருக்கும், அல்லது விமானம் வளைந்து போன உண்மையான பாதை நீளமாக இருக்கும்.

மேப்ல பார்த்தா சென்னை–டெல்லி தூரத்தைவிட அதிகமா தெரியுதே. 960தான்னு எப்படி நம்புறது?

போனில் நாம் பார்க்கும் வரைபடம் பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில் வரைந்தது. அதில் வடக்கே போகப் போக எல்லாம் ஊதிப் பெருக்கும். சென்னை இருக்கும் 13 பாகையில் ஊதல் 3 சதவீதம்கூட இல்லை. டிரோம்சோவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, லாங்யெர்பியனில் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

அதனால் அந்த வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தால், இந்தப் பயணம் சென்னை–டெல்லிக் கோட்டைப்போல் 1.9 மடங்கு நீளமாகத் தெரியும். நிஜத்தில் சென்னை–டெல்லி சுமார் 1,760 கி.மீ.; இதுவோ அதில் பாதியைவிடச் சற்றே அதிகம். மனதில் நிறுத்திக்கொள்ள ஒப்புமை வேண்டுமென்றால் சென்னை–மும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடவும் இது கொஞ்சம் குறைவு.

இன்னொன்று. லாங்யெர்பியனிலிருந்து வட துருவம் இன்னும் சுமார் 1,310 கி.மீ. தள்ளி இருக்கிறது. துருவத்தைவிட டிரோம்சோதான் அதற்குப் பக்கம்.

நானே கால்குலேட்டர்ல போட்டேன், 902 வருது. எங்க தப்பு பண்ணினேன்?

இலக்கங்களை அவசரப்பட்டு வெட்டியிருப்பீர்கள். பாடப்புத்தகச் சூத்திரம் இது: முதல் அட்சரேகையின் சைன் × இரண்டாம் அட்சரேகையின் சைன், அதோடு முதல் கோசைன் × இரண்டாம் கோசைன் × தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைன். வரும் எண்ணின் தலைகீழ்க் கோசைன்தான் இடைக்கோணம்.

நம் எண்களைப் போட்டால்: 0.937788 × 0.979032 = 0.918124. அடுத்து 0.347209 × 0.203709 × 0.998184 = 0.070601. கூட்டினால் 0.988725. இதன் தலைகீழ்க் கோசைன் 8.612 பாகை. ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. என்று பெருக்கினால் 957.6. கூட்டுத்தொகையை 0.99 என்று வெட்டினால் கோணம் 8.11 ஆகிவிடும், தொலைவு 902. இரண்டு இலக்கத்தில் 56 கி.மீ. காணாமல் போகிறது. குறைந்தது ஆறு தசம இலக்கங்களைக் கடைசிவரை இழுத்துச் செல்லுங்கள்.

எக்செல் போன்ற விரிதாளில் போடுபவர்கள் வேறோர் இடத்தில் வழுக்குவார்கள். அங்கே சைன், கோசைன் எல்லாம் ரேடியன் என்ற வேறோர் கோண அலகில் வேலை செய்யும். பாகையை அப்படியே கொடுத்தால் அர்த்தமில்லாத எண்தான் வரும். முதலில் 3.14159ஆல் பெருக்கி 180ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

960 கி.மீ.யை 830 வேகத்தால வகுத்தா 1 மணி 9 நிமிஷம்தான் வருது. டிக்கெட்ல 1:40. மீதி அரை மணி நேரம் எங்க போச்சு?

830 என்பது உயரத்தில் சமமாகப் பறக்கும்போது மட்டும் உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடையாது. அதோடு, டிரோம்சோவில் தெற்கு நோக்கிக் கிளம்பினால் வடக்கே திரும்ப வேண்டும். லாங்யெர்பியனில் ஓடுபாதை கிட்டத்தட்ட கிழக்கு மேற்காக இருப்பதால், தெற்கிலிருந்து வரும் விமானம் ஏதாவது ஒரு பக்கம் சுற்றித்தான் அதன் நேர்கோட்டுக்கு வர முடியும். இவற்றுக்கு 10 முதல் 15 நிமிடம் போகும்.

டிக்கெட் நேரம் விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவதில் ஆரம்பித்து, மறுமுனையில் நின்று ஓய்வது வரைக்கும். தரையில் ஊர்வதற்கு இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 10 நிமிடம். மிச்சம் காற்றுக்கும் பனிக்குமான கைக்காவல், அதாவது முன்கூட்டியே ஒதுக்கிய உபரி நேரம்.

அந்தக் கைக்காவலைக் குளிர்காலத்தில் பெரும்பாலும் தின்பது இறக்கைப் பனி நீக்கம். முதலில் சூடாக்கிய ஆரஞ்சு நிறத் திரவத்தை அடித்து ஒட்டியிருக்கும் பனியைக் கரைப்பார்கள். பனி பெய்துகொண்டே இருந்தால் அதன் மேல் கெட்டியான பச்சை நிறத் திரவத்தைப் பூசுவார்கள். புதுப் பனி ஒட்டாமல் அது காக்கும். அந்தப் பூச்சுக்குக் காலக்கெடு உண்டு. அதற்குள் கிளம்ப முடியாவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும். இரண்டாம் முறை அடிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தால், தாமதம் உறுதி.

தோராயமாக மதிப்பிட இணையத் தளங்கள் பயன்படுத்தும் குறுக்குவழி ஒன்று: தொலைவை 800ஆல் வகுத்து அரை மணியைக் கூட்டுவது. இந்த வழித்தடத்துக்கு 1 மணி 42 நிமிடம் வரும். நன்றாகவே பொருந்துகிறது.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம்னு ஆகுமா?

பெரிதாக ஆகாது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களுக்கு மேற்குக் காற்று நேர் எதிரே அடிப்பதால் ஒரு மணிக்கு மேல் வித்தியாசம் வரும். இங்கே பாதை கிட்டத்தட்ட நேர் வடக்கு: டிரோம்சோவில் கிளம்பும்போது உண்மை வடக்கிலிருந்து 5 பாகை மட்டுமே மேற்கே சாய்வு, சேரும்போது 8 பாகை. மேற்குக் காற்று பக்கவாட்டில்தான் அடிக்கும். 150 கி.மீ. வேகத்தில் பக்கக்காற்று அடித்தாலும் 830 என்பது 816 ஆகக் குறையும், அவ்வளவே. ஒரு நிமிடச் சமாச்சாரம்.

வடக்கு அல்லது தெற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் கதை வேறு. 100 கி.மீ. எதிர்க்காற்றில் உயரப் பயணம் 1 மணி 19 நிமிடம். அதே காற்று பின்னால் தள்ளினால் 1 மணி 2 நிமிடம்.

நேர வித்தியாசம் இருக்கா? வாட்ச்சை மாத்தணுமா?

வேண்டாம். இரண்டு ஊரும் ஒஸ்லோ நேரம்தான். இறங்கும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்தால் உண்மையான பயண நேரம். இந்திய நேரம் இவர்களைவிடக் குளிர்காலத்தில் 4½ மணி, மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 3½ மணி முன்னால் இருக்கும்.

ஒஸ்லோல இருந்து ஒரே ஃப்ளைட் நம்பர்தான், ஆனா டிரோம்சோல எல்லாரையும் இறங்கச் சொல்றாங்க. ஏன்?

பாஸ்போர்ட் சோதனைக்காக. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஒஸ்லோவிலிருந்து டிரோம்சோ வரை உள்நாட்டுப் பயணம். டிரோம்சோவிலிருந்து மேலே போவது எல்லை தாண்டுவது. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, சோதனை முடித்து, மறுபடி ஏற வேண்டும். நார்வேக்காரர்களும் அடையாளச் சான்று காட்டித்தான் ஆக வேண்டும்.

ஒஸ்லோ–லாங்யெர்பியன் நேர்ப் பயணம் 2,000 கி.மீ.க்குச் சற்று மேல், சுமார் 3 மணி நேரம். டிரோம்சோவில் நின்று போனால் நான்கரை மணி பிடிக்கும். நேர் விமானத்தில் போனாலும் சோதனை உண்டு, அது ஒஸ்லோவிலேயே முடிந்துவிடும்.

என்கிட்ட சிங்கிள் என்ட்ரி ஷெங்கன் விசா இருக்கு. நார்வேதானே, போதாதா?

போதாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. ஸ்வால்பார்டுக்கென்று விசா எதுவும் கிடையாது. 1920இல் கையெழுத்தாகி 1925இல் நடைமுறைக்கு வந்த ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தின் அடிப்படையில் அங்கே விசா முறையே இல்லை. ஆனால் போக வழி ஷெங்கன் நாடான நார்வே வழியாகத்தான். டிரோம்சோவில் சோதனை முடித்து ஏறும்போது ஷெங்கனிலிருந்து வெளியேறிவிட்டீர்கள். திரும்பி வரும்போது இரண்டாம் முறை நுழைகிறீர்கள்.

எனவே விண்ணப்பிக்கும்போதே இரு முறை அல்லது பல முறை நுழைவு என்று கேட்க வேண்டும். பயணத் திட்டத்தில் ஸ்வால்பார்ட் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் சேர்த்துக் காட்டினால் காரணம் தெளிவாக இருக்கும்.

அங்க போய் இறங்க முடியலேன்னா என்ன செய்வாங்க?

திரும்பி வந்துவிடுவார்கள். இதைப் படித்துப் பலர் சிரிப்பார்கள், ஆனால் வேறு வழி இல்லை. ஜெட் விமானம் ஒதுங்கப் பக்கத்தில் இன்னொரு விமான நிலையம் ஸ்வால்பார்டில் கிடையாது. மாற்று நிலையம் என்றால் அது மறுபடியும் நார்வே நிலப்பரப்புதான். கோடையில் கடல்மூடுபனியும், குளிர்காலத்தில் பனிப்புயலும் குறுக்குக்காற்றும் வழுக்கும் ஓடுபாதையும் வழக்கமான காரணங்கள். அரை மணி வட்டமடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து கிளம்பிய இடத்திலேயே இறங்குவீர்கள்.

அதற்கான எரிபொருளோடுதான் கிளம்புவார்கள். போயிங் 737-800 ரகத்துக்குத் தோராயக் கணக்கு: ஊர்வதற்கு 0.2 டன், போவதற்கு 3.7, எதிர்பாராததற்கு 0.2, திரும்பி வர 3.5, கடைசிக் கையிருப்பாக 30 நிமிடம் வட்டமிட 1.2. ஆக 8.8 டன். போவதற்கு மட்டும் வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தொட்டியில் சுமார் 20 டன் கொள்ளும் என்பதால் இடப் பிரச்சினை இல்லை.

பயணி செய்யக்கூடியது ஒன்றுதான்: திரும்பும் நாளுக்கும், வீடு திரும்பும் பன்னாட்டு விமானத்துக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் இது கட்டாயம்.

ஃப்ளைட் நேரத்துக்கு வந்துச்சு, என் பெட்டி மட்டும் வரல. எரிபொருளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்றாங்களே?

இருக்கலாம். மேலே சொன்ன 8.8 டன்னில், லாங்யெர்பியனில் இறங்கும்போது ஏறக்குறைய 4.9 டன் செலவழியாமல் கிடக்கும். எரிபொருள் இல்லாமல் 737-800 ஆளும் சரக்குமாக எட்டக்கூடிய உச்ச எடை 62.7 டன், தரையிறங்கும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 66.4 டன். முழுச் சுமையோடு 4.9ஐக் கூட்டினால் 67.6. வரம்பைவிட 1.2 டன் அதிகம். பெட்டிக்கு 20 கிலோ என்று வைத்தால் 60 பெட்டி.

எல்லா விமானமும் முழுச் சுமையோடு போவதில்லை, அதனால் இது அன்றாடம் நடப்பதல்ல. ஓடுபாதை வழுக்கும் நாளில் வரம்பு இன்னும் இறங்கும், அப்போதுதான் இடிக்கும். எப்படியானாலும் ஒரு நாளைக்கான கம்பளி உடையையும் மருந்தையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழி முழுக்கக் கடல். ரெண்டு இன்ஜின்ல ஒண்ணு நின்னுட்டா?

நடுப்புள்ளியில் இருந்தாலும் ஏதாவது ஒரு நிலையம் 480 கி.மீ.க்குள் இருக்கும். ஒற்றை இன்ஜினில் இந்த ரக விமானம் ஒரு மணியில் சுமார் 740 கி.மீ. போகும், அதாவது நாற்பது நிமிடத்தில் தரை. நீண்ட கடல் பயணங்களுக்கு வேண்டிய சிறப்பு அனுமதி, ஒரு மணி தொலைவைத் தாண்டினால்தான் பேச்சுக்கே வரும்.

ரன்வேயே ஐஸ் மேல போட்டிருக்காங்களாமே, உண்மையா?

பனிக்கட்டி மேல் இல்லை, நிரந்தரமாக உறைந்த மண் மேல். 1975இல் இந்த நிலையம் திறப்பதற்கு முன் விமானங்கள் உறைந்த தரையில் ஒப்பேற்றிக்கொண்டன, கோடையில் கப்பல்தான். இப்போதைய ஓடுபாதை 2,483 மீட்டர் தார்ப்பாதை. மேல்மண் கோடையில் இளகிக் குளிர்காலத்தில் உப்புவதால் பாதை அங்கங்கே அமுங்கும், புடைக்கும். பராமரிப்பு ஓயாத வேலை.

இறங்கும் பாதையைச் சுற்றி மலைகள். 1996 ஆகஸ்ட் 29 அன்று மாஸ்கோவிலிருந்து வந்த டி.யு.-154 ரக ரஷ்ய விமானம் தவறான கோட்டில் இறங்கி, நிலையத்துக்குக் கிழக்கே ஓபெரா மலையில் மோதி 141 பேரும் இறந்தனர். மேகம் தாழ்ந்திருக்கும் நாளில் விமானி இறங்காமல் திரும்பினால் முணுமுணுக்காதீர்கள்.

எந்தப் பக்கம் ஜன்னல் கேட்கணும்?

வடக்கே போகும்போது வலப்பக்கம். கிளம்பி முக்கால் மணியில், டிரோம்சோவிலிருந்து ஏறத்தாழ 530 கி.மீ.யில், கரடித்தீவு என்ற பியோர்னோயா சுமார் 50 கி.மீ. கிழக்கே கடந்து போகும். வழி நெடுக வேறு நிலமே இல்லை. மேகம் மூடியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், தெரிந்தால் அதிர்ஷ்டம். கடைசிப் பதினைந்து நிமிடம் மலையும் பனியாறும், இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை லாங்யெர்பியனில் சூரியன் எழாது. அந்த மாதங்களில் நடைபாதை இருக்கையே வசதி. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை சூரியன் மறையாது, இரவு விமானத்திலும் எல்லாம் தெரியும்.

கப்பல்ல, கார்ல போக வழி இருக்கா?

சாலை இல்லை. வழக்கமான பயணிகள் படகுச் சேவையும் இல்லை. சுற்றுலாக் கப்பல்கள் உண்டு. 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் நேராகப் போனாலே 43 மணி நேரம்.

உலகத்துல இதைவிட வடக்கே ஏர்போர்ட்டே கிடையாதா?

பொதுமக்கள் டிக்கெட் வாங்கி ஏறும் அட்டவணை விமானங்கள் உள்ளவற்றில் லாங்யெர்பியன்தான் வடகோடி. கனடாவின் அலர்ட் இன்னும் வடக்கே, 82½ பாகையில் இருக்கிறது. அது ராணுவத் தளம். ஸ்வால்பார்டிலேயே நி-ஓலெசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்புக்கு ஒரு சிறு ஓடுதளம் உண்டு. லாங்யெர்பியனிலிருந்து 110 கி.மீ., சிறு விமானத்தில் அரை மணிக்கும் குறைவு. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கேதான் இயங்குகிறது. அந்த விமானத்தில் இடம் ஆய்வாளர்களுக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கும்தான். சுற்றுலாப் பயணிகள் நி-ஓலெசுண்டைப் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் கப்பல் பிடிக்க வேண்டும்.